அடையாறு கரைத் திட்டத்தில் கவுன்சிலருக்கு என்ன வேலை?

வடகரை (கேள்வி):
சென்னையின் அடையாறு, கூவம் இரண்டையும் சீரமைத்து அகமதாபாத்தின் சபர்மதி ஆற்றங்கரை மாதிரி ஆக்கிவிடலாம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், குடிசைகளை அப்புறப்படுத்தத்தான் இத்தனை ஏற்பாடும் என்று இன்னொரு பக்கம். ஆறு சுத்தமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நடைபாதை எங்கே வரும், எந்தத் தெரு காலியாகும், சாக்கடை விடுவதை எப்போது நிறுத்துவார்கள் என்று எதைக் கேட்டாலும் எங்கள் கவுன்சிலரிடம் பதில் இல்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆளுக்கே தெரியாமல் இது எப்படி நடக்கிறது?

தண்டோரா:
அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அதிகாரம் அவர் கையில் இல்லை. இதை ஒருங்கிணைப்பது சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை. 2006-இல் அடையாறு பூங்காவுக்காகத் தொடங்கியது, 2010-இல் பெயர் மாறி மற்ற ஆறுகளுக்கும் வந்தது, மாநில அரசின் அமைப்பு. அப்புறம் கரையும் தூர்வாருவதும் நீர்வளத்துறை, கழிவுநீர் குடிநீர் வாரியம், ஆட்களை மாற்றுவது வாழ்விட மேம்பாட்டு வாரியம், குப்பை போன்ற சில வேலைகள் மட்டும் மாநகராட்சி. இப்படிப் பிரிந்து கிடப்பதால் யாரைக் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்ட முடிகிறது, மாமன்றத்தில் முழுத் திட்டத்துக்கும் பதில் சொல்ல யாருமில்லை.

மணல்மேடு:
சபர்மதி என்பவர்கள் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அங்கே 1997-இல் மாநகராட்சி தனியாக ஒரு கம்பெனியே ஆரம்பித்தது, 2005-இல் வேலை தொடங்கியது. இரு பக்கமும் சுவர் எழுப்பி ஆற்றை ஒரே அகலத்துக்கு ஒடுக்கி, சுமார் 200 ஹெக்டேர் நிலம் எடுத்தார்கள், அதில் ஒரு பகுதியை விற்றுச் செலவை ஈடுகட்டுவதுதான் ஏற்பாடு. நிறைந்து நிற்கும் தண்ணீர் நர்மதைக் கால்வாயில் இருந்து வருவது. அந்தக் கரைத் திட்டம் முடியும் இடத்தில் உள்ள வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே ஓடுவது ஆலைக் கழிவும் சாக்கடையும்தான், 2021-இல் குஜராத் உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. நமக்கு நர்மதை எங்கே இருக்கிறது? அடையாறு மழைக்காலத்தில் பெருகி வரும் ஆறு, 2015 டிசம்பரில் பார்த்தோம். அதை ஒடுக்கினால் தண்ணீர் ஊருக்குள்தான் வரும்.

தென்றல்82:
அதே 2015-ஐ வைத்துத்தான் நான் திட்டத்தை ஆதரிக்கிறேன். வெள்ளத்தில் முதலில் மூழ்கியது கரையோர வீடுகள்தான். அவர்களை அங்கேயே விட்டுவிடுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

தண்டோரா:
தென்றல், பாதுகாப்பு வேண்டும் என்பது சரி. ஆனால் கரையில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள், பெரும்பாக்கம் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம், அங்கேயும் வெள்ளம் வருகிறது. இன்னொன்று, ஓட்டும் கூடவே போகிறது. பெரும்பாக்கம் போனவர் மாநகராட்சி எல்லைக்கே வெளியே போய்விடுகிறார், பழைய வார்டில் அவருக்காகப் பேச எந்தக் கவுன்சிலருக்கும் அவசியம் இல்லை. வேலை, பள்ளி எல்லாம் பழைய இடத்தில், குரல் மட்டும் எங்கும் இல்லை. ஆற்றை ஆக்கிரமித்தது யார் என்றும் பாருங்கள்: சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேலேயே போகிறது, பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. ஆக்கிரமிப்பு என்றால் குடிசையை மட்டும் அளப்பது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

கல்மண்டபம்:
கட்சிகளை நம்பி எந்தப் பக்கமும் நிற்காதீர்கள். துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-இல் அடிக்கல், 2011-இல் ஆட்சி மாறியது, 2012-இல் கூவத்தின் ஓட்டம் தடைபடும் என்று நிறுத்தினார்கள், தூண்கள் ஆற்றிலேயே வருடக்கணக்கில் நின்றன, 2022-இல் ஈரடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். ஐதராபாத்தில் மூசி ஆற்றுக்கென்று தனிக் கழகம் 2017-இல் வந்தது. அதைத் தொடங்கிய கட்சியே 2024-இல் எதிர்க்கட்சியாக இருந்தபோது வீடு இடிப்பை எதிர்த்துப் போராடியது.

வடகரை, கவுன்சிலரை விடாதீர்கள். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கு 2022 முதல் விதிகள் இருக்கின்றன, அங்கே தீர்மானமாகக் கேளுங்கள். விரிவான திட்ட அறிக்கை, காலி செய்யப்போகும் வீடுகளின் பட்டியல் இரண்டுக்கும் நீர்வளத்துறை, வாழ்விட மேம்பாட்டு வாரியம், அறக்கட்டளை மூன்றிடமும் தனித்தனியாகத் தகவல் உரிமை மனு போடுங்கள். ஒரே மனுவாகப் போட்டால் ஒருவர் மாற்றி ஒருவருக்கு அனுப்பியே நாளைக் கடத்துவார்கள். பட்டியலில் பெயர் இருப்பவர்களையும் கையெழுத்துப் போட வையுங்கள், அவர்கள் இல்லாமல் நாம் மட்டும் கேட்டால் நடைபாதை கேட்கிறவர்கள் என்று எழுதி முடித்துவிடுவார்கள்.