குறுஞ்செய்தியை வெளிச்சமாக்கும் சுவர்: யாரும் நிற்பதில்லை

மின்மினி_96:
கண்காட்சிக்கு ஒரு எல்இடி சுவர் செய்கிறேன். போனிலிருந்து ஒரு வரி அனுப்பினால் அது மோர்ஸ் தந்திக் குறியீடு போல விளக்குகளில் மினுங்கும். ஒத்திகைக்கு வந்தவர்கள் தங்கள் பெயரை அனுப்பினார்கள், படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அந்தப் படத்திலும் கறுப்புப் பட்டைகள். தகவல்தொடர்பு பற்றிய படைப்பு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. என்ன சேர்க்கலாம்?

பழைய_ஒயர்மேன்:
ஒன்றும் சேர்க்க வேண்டாம். அனுப்பியவருக்கே விளக்கு பதில் சொன்னால் அதற்குப் பெயர் சுவிட்ச். இரண்டாவது ஆள் எங்கே?

ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 2003இல் ஜப்பானின் யமகுச்சியில் 20 தேடுவிளக்குகளை வைத்து இதே வேலையைச் செய்தார். செய்தி நேராகப் போய்ச் சேராது. யாராவது பிடித்துப் படிக்கும்வரை வானத்தில் மினுங்கிக்கொண்டே இருக்கும். யாருக்கோ எழுதியதை வேறு யாரோ பிடித்துவிடலாம் என்ற பதற்றம்தான் அதில் விஷயமே. 2019இல் எல் பாசோவுக்கும் சியுதாத் ஹுவாரெஸுக்கும் இடையே, அமெரிக்க-மெக்சிகோ எல்லைக்கு மேலே இன்னொன்று செய்தார். இரண்டு பக்க ஒளிக்கற்றைகளும் சந்தித்தால்தான் பேச வழி திறக்கும். குரலுக்கேற்ப வெளிச்சம் ஏறி இறங்கும். விளக்கைத் திருப்புகிறவர் எதிரில் ஓர் ஆளைத் தேடித்தான் தீர வேண்டும்.

உங்கள் சுவரில் செய்தி வந்ததும் ஓட விடாதீர்கள். ஒற்றை விளக்காக மங்கலாக எரியட்டும். வேறொரு போன் அதை எடுத்தால், அந்தப் போனில் மட்டும் வரி வரட்டும். விளக்கு அணையட்டும்.

அப்புறம் அந்தப் பட்டைகள்: எல்இடியை அணைத்து ஏற்றும் வேகம் கேமராவுக்குப் போதவில்லை. சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்குச் சில ஆயிரம் முறைக்குக் கொண்டுபோங்கள். மங்கலுக்கும் ஒரு கணக்கு உண்டு. 20 சதவீதம் கொடுத்தாலே கண்ணுக்குப் பாதி வெளிச்சமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதற்கேற்ப அளவை மாற்றும் காமா திருத்தம் போடாவிட்டால் உங்கள் மங்கல் மங்கலாகவே இருக்காது.

செலீனியம்:
ஒளியில் பேச்சை ஏற்றுவது பழைய ஆசை. 1880இலேயே தொலைபேசிக்குப் பேர்போன கிரகாம் பெல்லும் அவர் உதவியாளர் டெய்ன்டரும் அதிரும் கண்ணாடியில் சூரிய ஒளியைத் தெறிக்கவிட்டு, 213 மீட்டருக்கு அப்பால் பேச்சைக் கேட்டார்கள். செலவில்லாமல் இந்த உணர்வு வேண்டுமா? சின்ன சோலார் செல்லை ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, அதன் முன்னால் டிவி ரிமோட்டை அழுத்துங்கள். ஸ்பீக்கரில் டர்ர்ர் என்று கேட்கும்.

மின்மினி_96:
ரிமோட்டை முயன்று பார்க்கிறேன்! ஒயர்மேன் அண்ணா, எடுக்க ஆளே வராவிட்டால்? சுவர் முழுக்க மங்கல் விளக்காக நின்றுவிடுமே. வசை எழுதினால்?

பழைய_ஒயர்மேன்:
நிற்கட்டுமே! எல்லோரும் எழுதுகிறார்கள், படிக்க ஆளில்லை என்று சுவரே காட்டும். அதைவிடப் பெரிய சமூகக் கருத்தை நீங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதிவிடப் போவதில்லை. இடம் நிறைந்தால் பழையதை அழிக்காதீர்கள். "ஒன்றைப் படித்துவிட்டு அனுப்புங்கள்" என்று போனில் காட்டுங்கள். வசைக்கு ஒரு சொல்வடிகட்டி போதும், கூட்டத்தின் முன் எதுவும் எழுத்தாக வரப்போவதில்லை. அனுப்பியவர் எண்ணை மட்டும் எங்கேயும் சேமிக்காதீர்கள்.