காசு வித்தைகளை எந்த வரிசையில் அடுக்குவது? நிச்சயதார்த்த வீட்டில் பத்து நிமிஷம்

கோவை_விரல்கள்

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் அக்காவுக்கு நிச்சயதார்த்தம், வீட்டு ஹால்லயே. சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் மேஜிக் பண்ணுடான்னு மாமா சொல்லிட்டார். மேடை, மேஜை எதுவும் கிடையாது. நான் நிப்பேன், சுத்தி எட்டு பத்து பேர் இருப்பாங்க. காசு மட்டும் வெச்சுப் பண்ணலாம்னு இருக்கேன்.

இப்ப நான் பண்ற வரிசை இதுதான்: முதல்ல காசு கைக்குள்ள போன மாதிரி தெரிஞ்சு மறையுற ரிடென்ஷன் வானிஷ், அப்புறம் வெள்ளி செம்பா மாறுற ஸ்பெல்பவுண்ட், நாலு காசு ஒவ்வொண்ணா ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போற காயின்ஸ் அக்ராஸ், அதையே விரல் நுனியில பண்ற த்ரீ ஃப்ளை, மேஜைக்குள்ள காசு இறங்குறது, முடிவுல உள்ளங்கை அகல ஜம்போ காசு. தாத்தா வெச்சிருந்த ஜார்ஜ் ராஜா வெள்ளி ரூபாய் நாலு இருக்கு. செம்புக்கு ஒரு பழைய இங்கிலாந்து பென்னி.

தனித்தனியா ஒவ்வொண்ணும் சுத்தமா வருது. சேர்த்துப் பண்ணினா, மூணாவது தாண்டினதும் பார்க்கிறவங்க முகம் தளர்ந்துடுது. கைதட்டுறாங்க, ஆனா மரியாதைக்குத் தட்டுற மாதிரி இருக்கு. வரிசையை மாத்தினா சரியாகுமா?

மயிலை_தாளம்

கச்சேரியை நினைச்சுப் பாருங்க. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுக் கொடுத்த பாதைதான் இன்னைக்கும் ஓடுது. வர்ணத்துல விறுவிறுன்னு ஆரம்பம், கனமான உருப்படி நடுவுல, கடைசியில லேசான துக்கடா. உங்களுக்கும் அதே கணக்குதான். காயின்ஸ் அக்ராஸை நடுவுல நிதானமாப் பண்ணுங்க, ஜம்போ காசைத் துக்கடாவா வெச்சு சிரிக்க வெச்சு முடிங்க. த்ரீ ஃப்ளையை முன்னாடி கொண்டு வாங்க.

குடந்தை_கேஷ்கவுண்டர்

தம்பி, வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். காசு வித்தை அப்போதிலிருந்தே பழக்கம். உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை வெறும் வரிசை மாற்றத்தால் சரிசெய்ய முடியாது.

பட்டியலை உங்கள் பெரியம்மாவின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். காயின்ஸ் அக்ராஸும் த்ரீ ஃப்ளையும் அவருக்கு ஒரே வித்தை. இந்தக் கையில் இருந்த காசு அந்தக் கைக்குப் போகிறது, அவ்வளவுதான். ஒன்றில் கையை மூடிச் செய்கிறீர்கள், இன்னொன்றில் விரல் நுனியில் செய்கிறீர்கள் என்பது நமக்குத்தான் பெரிய வித்தியாசம். ஒன்றை எடுத்துவிடுங்கள். நான் என்றால் த்ரீ ஃப்ளையை எடுப்பேன், ஏனென்றால் காயின்ஸ் அக்ராஸை மட்டும்தான் பார்வையாளர் கைக்குள் முடிக்க முடியும். மேஜை வித்தை தானாகவே போய்விட்டது. மேஜையும் இல்லை, காசைத் தள்ளிவிட உட்கார்ந்த மடியும் இல்லை.

ரிடென்ஷன் வானிஷில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு காசின் மேல் யாருக்கும் அக்கறை வருவதற்கு முன்னால் அது மறைந்தால், போனால் போகட்டும் என்றுதான் தோன்றும். முதலில் அந்தக் காசு யாருடையதாவது ஆக வேண்டும். அதனால் ஒரு பத்து ரூபாய்க் காசை இரவல் வாங்குங்கள். நம்ம ஊரில் பத்து ரூபாய்க் காசுக்கு என்று ஒரு கதையே இருக்கிறது. கடைக்காரர் வாங்க மாட்டார், கண்டக்டர் வாங்க மாட்டார், கோடு பத்தா பதினைந்தா என்று எண்ணிப் பார்ப்பார்கள். பதினான்கு டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018லேயே அறிவித்தது. கவுண்டரில் இதை எத்தனை பேருக்கு விளக்கியிருக்கிறேன் தெரியுமா. இந்தப் பேச்சை எடுத்தாலே சுற்றியிருக்கிற பத்துப் பேரும் ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். கொடுத்தவரையே அதில் உள்ள ஆண்டைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அதற்குள் உங்கள் வலது கை ஃபிங்கர் பாமில் (மடக்கிய விரல்களுக்குள் ஒளித்துப் பிடிப்பது) ஒரு வெள்ளி ரூபாய் இருக்கட்டும். "இது செல்லாதுன்னு சொல்றாங்களா, அப்ப எந்தக் காலத்துலயும் மதிப்பு இருக்கிற காசா மாத்திடுவோம்." ஸ்பெல்பவுண்ட் ஒரே ஒரு தடவை. மேஜிக் நிபுணர் டை வெர்னன் அதை ஒரு காசு திரும்பத் திரும்ப நிறம் மாறுகிற வித்தையாக அமைத்தார், ரசிகனாக எனக்கும் அது பிடிக்கும். ஆனால் இங்கே ஒரு மாற்றமே போதும். மூன்று தடவை மாறினால் கையில் இரண்டு காசு இருக்கிறது என்று பத்து வயசுப் பையன் கண்டுபிடித்துவிடுவான். ஒரு எச்சரிக்கை: பத்து ரூபாய் 27 மில்லிமீட்டர், வெள்ளி ரூபாய் முப்பதரை. சின்னதற்குப் பின்னால் பெரியது நிற்கிறது. அதனால் வெள்ளி விரல்களின் அடியில் தாழ்வாகக் கிடக்கட்டும், புறங்கை முழுதாகப் பார்வையாளர் பக்கம் இருக்கட்டும்.

இப்போது வெள்ளியைக் காசு கொடுத்தவர் கையிலேயே வைத்துவிடுங்கள். கனத்தையும் ராஜா தலையையும் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள். பத்து ரூபாய் உங்கள் வலது கையில் மறைந்திருக்கிறது. "இதுக்கு ரெண்டு தம்பிங்க இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டில் கையை விட்டு, பத்து ரூபாயை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு வெள்ளியை வெளிப்படையாக எடுங்கள். நாலாவது வெள்ளி ஃபிங்கர் பாமில் கூடவே வந்துவிடும். ஆக, பார்வையாளருக்குத் தெரிவது மூன்று, உங்களிடம் இருப்பது நான்கு. காயின்ஸ் அக்ராஸுக்குத் தேவையான உபரிக் காசு கிடைத்தாகிவிட்டது. நான்கு காசு போவதைவிட மூன்று காசு போவது சுருக்கம். முதல் இரண்டும் உங்கள் கைக்குள் போகட்டும். பிறகு காசு கொடுத்தவரின் மூடிய கைக்குள் இரண்டு வெள்ளி இருப்பதாக எல்லாரும் நம்பும்போது உண்மையில் மூன்று இருக்கும். உங்கள் கையில் கடைசி வெள்ளி மறையும், அவர் திறந்தால் மூன்று.

இதற்குள் ஒருத்தராவது "அவரோட பத்து ரூபாய் எங்க?" என்று கேட்டிருப்பார். கேட்காவிட்டாலும் மனசில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் பழைய வரிசையில் ஆர்வம் தளர்ந்ததற்குக் காரணமே இதுதான் என்பேன். ஒவ்வொரு வித்தையும் தன் கேள்வியைத் தானே முடித்துக்கொண்டது, அடுத்ததைப் பார்க்க அவர்களுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

முடிவுக்கு: மூன்றில் ஒன்றை இடது கையில் எல்லாரும் பார்க்கப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் வலது கை பாக்கெட்டில் போடுகிறது. மறைந்திருக்கும் உபரி வெள்ளியும் சேர்ந்து போகிறது, பத்து ரூபாய் ஃபிங்கர் பாமில் வெளியே வருகிறது. வெள்ளியை வலது விரல் நுனிக்கு மாற்றி, பாபோ ஸ்விட்ச் (காட்டிய காசை எறிவதுபோல் ஒளித்த காசை எறிவது) செய்து இடது கைக்குள் எறிந்து மூடி, அப்படியே கொடுத்தவரின் கைக்குள் வைத்து மூடச் சொல்லுங்கள். அவர் திறக்கும்போது அவர் படித்த அதே ஆண்டு போட்ட அவருடைய காசு. எல்லாரும் அதைப் பார்க்கிற நேரத்தில் கடைசி வெள்ளியும் சாவகாசமாகப் பாக்கெட்டுக்குப் போய்விடும்.

கவனித்தீர்களா, வேலை நடக்கிற இரண்டு தடவையும் கை பாக்கெட்டுக்குள் போவது எல்லார் கண் முன்னால், எல்லாருக்கும் புரிகிற காரணத்தோடு. ஒரு வித்தை முடியும் இடத்தில் எந்தக் காசு எந்தக் கையில் கிடக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அதுவே அடுத்த வித்தையின் தொடக்கமாக இருந்தால் இணைப்பு தானாக அமையும். பென்னிக்கும் ஜம்போ காசுக்கும் இந்தப் பத்து நிமிஷத்தில் இடமில்லை.

மயிலை நண்பருக்கு: கச்சேரி ரசிகர் மூன்று மணி நேரம் கேட்க மனசு வைத்து வந்தவர். கனமானதை நடுவில் வைத்தாலும் உட்கார்ந்திருப்பார். இங்கே பந்திக்குக் கூப்பிட்டால் எழுந்து போய்விடுவார்கள். கடைசியாகப் பார்த்ததைத்தான் சாப்பிடும்போது பேசுவார்கள்.

நிழல்_மேடை_வித்யா

பார்ட்டிகளில் தொழிலாகச் செய்கிறவள் என்ற முறையில் இரண்டு விஷயம். இந்த மாதிரி வீட்டு விசேஷத்தில் ஆட்கள் அரைவட்டமாக நிற்பதோடு விடமாட்டார்கள், தோளுக்குப் பக்கத்திலிருந்து யாராவது போனில் வீடியோ எடுப்பார்கள். சுவரை ஒட்டி, முதுகுப் பக்கம் ஆள் வர முடியாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். ஃபிங்கர் பாம் வலது கையில் என்பதால் உங்கள் இடது பக்கம் நிற்பவருக்குத்தான் கைக்குள் தெரியும். காசு கொடுத்தவரை இடது பக்கத்தில் நிறுத்தாதீர்கள்.

ஜம்போ காசை விட்டுவிடச் சொல்கிறாரே, அதில் எனக்குச் சம்மதமில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதற்கு வரும் கூச்சல் வேறு எதற்கும் வராது.

குடந்தை_கேஷ்கவுண்டர்

வித்யா மேடம், நிற்கிற இடம் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. நான் அதைத் தொடவே இல்லை, நன்றி.

ஜம்போ விஷயத்தில் என் கவலை இதுதான். அவ்வளவு பெரிய காசு கையில் தோன்றினால், ஏதோ ஒன்றை முன்னாலேயே ஒளித்து வைத்திருந்தான் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும். அந்த வெளிச்சம் பின்னோக்கியும் அடிக்கிறது. மூடிய கைக்குள் மூன்றாவது வெள்ளி எப்படி வந்தது என்று மலைத்தவர்கள் "ஓ, அதையும் இப்படித்தான் ஒளிச்சிருப்பான்" என்று முடிவுக்கு வந்துவிடுவார்கள். குழந்தைகளுக்குத் தனியாக, சாப்பாட்டுக்குப் பிறகு காட்டட்டும். அங்கே நானும் கைதட்டுவேன்.

கோவை_விரல்கள்

சார், இப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவே இல்லை. ரெண்டு நாளா இதையேதான் பண்ணிப் பார்த்துட்டு இருக்கேன். சில சந்தேகம். முடிவுல அவர் கைக்குள்ள வெள்ளிக்குப் பதிலா பத்து ரூபாய் போகுதே, கனம் குறையறது தெரியாதா? எல்லாரும் ஜிபேல இருக்கிற காலம், யார்கிட்டயும் காசே இல்லைன்னா? மொய்க் கவர்ல ஒட்டியிருக்கிற ஒரு ரூபாயை எடுத்துப் பண்ணலாமா? கடைசியா, அன்னைக்கு நான் வேட்டி கட்டணும்.

குடந்தை_கேஷ்கவுண்டர்

தம்பி, கனம் தெரியத்தான் செய்யும். வெள்ளி ரூபாய் 11.66 கிராம், பத்து ரூபாய் ஏறக்குறைய 7.7. ஆனால் அவர் கை கடைசியாகச் சுமந்தது மூன்று வெள்ளியை. அதற்குப் பிறகு ஒற்றைக் காசு எதுவாக இருந்தாலும் லேசாகத்தான் தோன்றும். வைத்த உடனே விரல்களை நீங்களே மடக்கி, கையைத் தலைக்கு மேலே தூக்கச் சொல்லுங்கள். உருட்டிப் பார்க்க நேரம் கொடுக்காதீர்கள்.

மொய்க் கவர் ஒரு ரூபாய் வேண்டாம். இப்போது வருவது நாலு கிராம்கூட இல்லை, அளவும் ரொம்பச் சின்னது. கைக்குள் வைத்ததுமே மாட்டிவிடும். வீட்டில்தானே விசேஷம், பூஜை அறை உண்டியலில் பத்து ரூபாய் இல்லாமலா இருக்கும்? வீட்டுப் பெரியவரை எல்லார் முன்னாலும் எடுத்துவரச் சொல்லுங்கள். நீங்கள் முன்கூட்டியே யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், உறவுக்காரர்கள் அதை நிச்சயம் வெளியே சொல்லிவிடுவார்கள்.

தாத்தா ரூபாய்களின் ஆண்டைப் பாருங்கள். 1939 வரை வந்தவற்றில் வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றுக்கு மேல். 1940 முதல் பாதிதான் வெள்ளி. இரண்டும் கலந்திருந்தால் ஓசை வேறாகக் கேட்கும். நாலும் ஒரே ரகமா என்று தட்டிப் பாருங்கள். கலந்திருந்தால் வேறு ஓசை தருவதை உபரிக் காசாக வைக்காதீர்கள், அதுதான் கைக்குள் மற்றவற்றோடு உரசும்.

வேட்டிதான் பெரிய விஷயம். இந்த அமைப்பு முழுக்க வலது பக்கப் பாக்கெட்டை நம்பி நிற்கிறது. சட்டைப் பை வேண்டாம், அது இடது மார்பில், கை மேலே ஏறுவது தெரியும். பாக்கெட் வைத்த ஒட்டிக்கோ வேட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட் வலது பக்கம்தானா, சட்டை அதன் மேல் தொங்காமல் இருக்கிறதா என்று கட்டிப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஒரு தையல் போட்டு இரண்டு அறையாக்கி, முன் அறையில் பத்து ரூபாய், பின் அறையில் வெள்ளி என்று பிரித்துக்கொண்டால் காசோடு காசு இடிக்காது. பயிற்சியையும் அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.