மறு: காஸ்டர் வீலுக்குத் தமிழ்ச்சொல் – ‘போக்குச்சக்கரம்’ ஒத்துவருமா?

அன்பர்களே, வணக்கம்.

ரோபோ கையேட்டு வரைவில் காஸ்டர் வீல் (இழுத்த பக்கம் தானாகத் திரும்பும் சிறு சக்கரம்) வரும் இடத்தில் மொழிபெயர்ப்புக் கருவி ‘ஆமணக்குச் சக்கரம்’ என்று போட்டிருந்ததை நேற்று ஒருவர் எடுத்துக்காட்டியிருந்தார். ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையமே வைத்திருக்கும் சேலத்துக்காரர்கள் நாங்கள். கூடுதலாகவே சிரித்தோம். ஆங்கிலத்தில் ஆமணக்கு castor, சக்கரம் caster; எழுத்து நெருக்கம், அவ்வளவுதான். சக்கரத்தின் பெயர் ‘திரும்புதல்’ என்ற பழைய பொருளில் வந்தது.

பலர் ஆதரிக்கும் ‘சுழல் சக்கரம்’ எனக்கு ஒட்டவில்லை. சுழலாத சக்கரம் எது? எங்கள் ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் செய்யும் குட்டி ரோபோவில் மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, 65 மி.மீ. சக்கரம் இரண்டு. அவையும் சுழல்கின்றன, ஒரு சுற்றுக்குச் சுமார் 20 செ.மீ. ஓடும். பின்னால் இருக்கும் மூன்றாவதுக்கு மோட்டார் இல்லை. எடையைத் தாங்கும், இழுத்த பக்கம் திரும்பும். ‘துணைச் சக்கரம்’ என்றால் சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் இருபுறமும் மாட்டுவதுதான் நினைவுக்கு வருகிறது. நடைவண்டியின் முன்சக்கரத்தையும் நினைத்துப் பாருங்கள். அது திரும்பாது, குழந்தைதான் வண்டியைத் தூக்கித் திருப்ப வேண்டும்.

போன வாரம் சார்ட் பேப்பர்களை ஒட்டி, ரோபோ பின்தொடர்ந்து ஓடுவதற்காக ஏற்காடு மலைப்பாதையைக் கறுப்புக் கோடாக வரைந்தோம், 20 கொண்டை ஊசி வளைவுகளோடு. (கொண்டை ஊசி வளைவு எப்பேர்ப்பட்ட சொல்! யாரும் விளக்கம் கேட்பதில்லை.) ஒரு மோட்டாரை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் ஓட்டினால் ரோபோ நின்ற இடத்திலேயே திரும்பிவிடும். வளைவுகளைச் சமாளித்துவிட்டது. வம்பு பின்வாங்கும்போதுதான். மீயொலி உணரி (ஒலியலையை அனுப்பித் தடையை அறியும் கருவி) எதிரே தடையைக் கண்டதும் ரோபோ பின்னே வருகிறது. அதுவரை இழுபட்டு வந்த மூன்றாம் சக்கரம் அரைவட்டம் அடித்து மறுபக்கம் போயாக வேண்டும். அது திரும்பும் செங்குத்து அச்சு, தரையைத் தொடும் புள்ளிக்கு நேர் மேலே இல்லாமல் தள்ளி இருக்கிறதல்லவா? அதனால் திரும்புகிற நேரத்தில் வாலை ஒரு வெட்டு வெட்டி, ரோபோவைக் கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் சொன்னான்: “சார், இது போற போக்குலதான் போகுது. போக்கை மாத்தினா முரண்டு பிடிக்குது.”

அவன் வாயிலிருந்து எடுத்ததுதான் போக்குச்சக்கரம்.

சக்கரத்துக்குப் பதில் எஃகுக் குண்டு வைத்த வகையும் உண்டு. அதைப் போக்குக்குண்டு எனலாம். அதற்கு இந்த முரண்டு கிடையாது, எந்தப் பக்கமும் உடனே உருளும். தூசியும் தலைமுடியும் சேர்ந்தால் மட்டும் சிக்கிக்கொள்ளும். ‘குண்டு’ வெடிகுண்டாகக் கேட்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டு கேட்டு யாரும் பயந்ததாகத் தெரியவில்லை. சாக்குப்போக்கு என்று கேலி வரலாம், வரட்டும்.

கையேட்டுப் படத்தில் அந்தப் பாகத்துக்குப் பெயர் எழுதாமல் இடம் விட்டிருக்கிறேன். மறுப்போ வேறு சொல்லோ இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.