ஆப் சொன்ன எடை வரவே இல்லை, கொஞ்சம் அவசரம்

ரங்கூன்செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். கலோரி ஆப் ஒன்று வைத்திருக்கிறேன். சாப்பிடுவதை எல்லாம் ஒழுங்காக அதில் போடுகிறேன். ராத்திரி அன்றைய கணக்கை முடித்தால், "தினமும் இன்று போலவே இருந்தால் 5 வாரத்தில் உங்கள் எடை 158" என்று காட்டும். அந்த 5 வாரமும் போய்விட்டது. ஆரம்பத்தில் 165, இப்போது 164. கோளாறு ஆப்பிலா, போனிலா? வேறு ஆப் போட்டால் சரியாகுமா? தம்பி கல்யாணம் வருகிறது, ரவிக்கை தைக்கக் கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

பகோ அக்கா:
165 என்றால் கிலோவா பவுண்டாம்மா? வயது, உயரம்? வேலை உட்கார்ந்தா, நின்றா? ஆப்பில் உடலுழைப்பு எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் எதைத் தொட்டீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை கலோரி கணக்கில் வருகிறது? இதெல்லாம் தெரியாமல் என்ன சொல்வது?

வியாசர்பாடி:
165 கிலோ என்றால் ஆப்பை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள் சகோதரி.

மோல்மீன்காரன்:
பவுண்டுதான் அண்ணே. இங்கே ஆள் எடையை யார் கிலோவில் சொல்கிறார்கள்? நீங்கள் பர்மாவை விட்டுப் போய் ரொம்ப நாளாகிவிட்டது.

செல்வி அக்கா, இது வி.பி.என். வேலை, அதுதான் நம் இணைய முகவரியை வேறு நாடு மாதிரி காட்டும் செயலி. இங்கே அது இல்லாமல் பாதி ஆப் திறக்காது. வி.பி.என். சிங்கப்பூர் என்று காட்டும், நம் நேரமோ கிரீன்விச்சுக்கு 6.30 மணி முன்னால். அந்த அரை மணி பல ஆப்களுக்குப் புரிவதில்லை. ராத்திரிச் சாப்பாடு அடுத்த நாள் கணக்கில் போய் விழும். வி.பி.என்.னை அணைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
வி.பி.என். மாற்றுவது இணைய முகவரியைத்தான். தேதியும் நேரமும் போனின் கடிகாரத்திலிருந்து வருகின்றன. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்ல வேண்டாம்.

இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்தாயிற்று, தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை எழுதுகிறேன். ஆப்புக்கு ஜோசியம் தெரியாது. எடை, உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து, சும்மா படுத்திருந்தால் உடம்பு எவ்வளவு எரிக்கும் என்று ஒரு சூத்திரத்தில் போடும். பெரும்பாலும் 1990இல் வந்த மிஃப்லின்-செயின்ட் ஜியோர் சூத்திரம். வந்த எண்ணை உழைப்புக்கு ஏற்ப 1.2, 1.375, 1.55 என்று பெருக்கும். அதில் நீங்கள் சாப்பிட்டதைக் கழித்து, மிச்சத்தை 35 நாளால் பெருக்கி, ஒரு பவுண்டுக்கு 3500 கலோரி என்று வகுத்தால் குறையும் பவுண்டு. அவ்வளவுதான்.

அந்த 3500தான் தப்பு. 1958இல் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற மருத்துவர் எழுதியதை இன்னும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறையும் என்பது அந்தக் கணக்கில் கிடையாது. கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2011இல் லான்செட் மருத்துவ இதழில் இதைத் தெளிவாகக் காட்டிவிட்டார்கள். தினமும் 100 கலோரி குறைத்தால் பழைய கணக்குப்படி ஒரே வருடத்தில் 10 பவுண்டு போக வேண்டும். ஹால் கணக்கில் அந்த 10 பவுண்டு போக ஏறக்குறைய 3 வருடம் ஆகும், முதல் வருடத்தில் பாதிதான். எந்த ஆப்புக்கு மாறினாலும் இதே கதைதான்.

ரங்கூன்செல்வி:
பவுண்டுதான். 41 வயது, 5 அடி 2 அங்குலம். ஆபீஸ் வேலை, உட்கார்ந்தே இருப்பேன். சாயங்காலம் கண்டோஜி ஏரிப் பக்கம் நடப்பேன், அதனால் "மிதமான உழைப்பு" என்று போட்டிருக்கிறேன். கையில் வாட்ச் இருக்கிறது, அதுவும் ஆப்போடு சேர்ந்திருக்கிறது. 1400 கலோரிக்கு மேல் போவதில்லை. 3500, 1958 எல்லாம் எனக்கு எதற்கு ஐயா? என்ன செய்வது என்று சொல்லுங்கள்.

சீரகத்தண்ணீர்:
காலையில் வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீர். நான் ஆப் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பகோ அக்கா:
இப்போதுதான் கணக்குப் போட முடிகிறது. 165 பவுண்டு என்றால் 75 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. 5 அடி 2 என்பது 157.5 செண்டிமீட்டர். பிள்ளைவாள் சொன்ன சூத்திரத்தில் சுமார் 1366 வருகிறது. மிதமான உழைப்பு என்பதால் ஆப் 1.55ஆல் பெருக்கியிருக்கும், 2118. அதில் 1400 போனால் 718. 35 நாளுக்கு 25,130 கலோரி, ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. 165இல் ஏழு போனால் 158. ஆப் சொன்னதும் அதேதான், ஆக ஆப்பிலும் போனிலும் கோளாறு இல்லை.

உட்கார்ந்த வேலைக்கு உள்ள எண் 1.2. அதைப் போட்டால் 1640. கழித்தால் 240தான் மிச்சம், 5 வாரத்துக்கு இரண்டரை பவுண்டுகூட வராது. ஒரே ஒரு வரியைத் தொட்டதில் ஏழு பவுண்டு வாக்குறுதி இரண்டரை ஆகிறது, பாருங்கள். நீங்கள் நடக்கிற நடையை வாட்ச் தனியாகக் கூட்டுகிறது, "மிதமான உழைப்பு" என்பதிலும் அதே நடை இருக்கிறது. ஒரே நடைக்கு இரண்டு கூலி. வாட்ச் கொடுக்கும் கூடுதல் கலோரியையும் சாப்பிட்டுவிடுகிறீர்களா?

பிள்ளைவாள், நீங்கள் சொன்ன ஹால் விஷயம் உண்மைதான். ஆனால் அது வருடக் கணக்குக்கு. 5 வாரத்தில் 3500ஐக் குறை சொல்லி ஏழு பவுண்டை ஒன்றாக்க முடியாது. இங்கே வகுத்தல் சரியாகத்தான் இருக்கிறது, உள்ளே போட்ட எண்கள்தான் வேறே.

கணக்குப்பிள்ளை:
நான் அடிப்படையைச் சொன்னேன். உள்ளே போடும் எண் என்றால் அதற்கும் ஆய்வு இருக்கிறது. 1992இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் இளைக்கவில்லை என்று சொன்னவர்களை அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். செய்த உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொன்னார்கள். அம்மணி யோசித்துக்கொள்ளட்டும்.

ரங்கூன்செல்வி:
நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?

பகோ அக்கா:
விடும்மா, அவர் வாய் அப்படித்தான். அந்த ஆய்வில் இருந்தவர்களும் வேண்டுமென்று மறைத்ததாக நான் நினைக்கவில்லை, கண்ணுக்குத் தெரியாமல்தான் போகிறது. மூன்று கேள்வி. கறியை எப்படிப் பதிகிறீர்கள்? சோற்றை அரிசியாக நிறுக்கிறீர்களா, வடித்த பிறகா? டீ எத்தனை?

ரங்கூன்செல்வி:
கறி ஆப்பிலேயே "பர்மா கோழிக்கறி, 1 கிண்ணம், 180" என்று இருக்கிறது, அதைத்தான் போடுகிறேன். கறிக்கடையில் 10 டிக்கல், 20 டிக்கல் என்று வாங்கி நானே சமைத்தால் 100 கிராம், 200 கிராம் என்று போடுவேன். சோறு வடித்ததுதான். டீ ஆபீஸுக்குக் கீழே டீக்கடையில், டீ என்று போட்டால் 30 வருகிறது.

தன்லின் தம்பி:
அக்கா, 100 டிக்கல் ஒரு வீசை, ஒரு வீசை 1633 கிராம். அப்போ 10 டிக்கல் 163 கிராம். ஒவ்வொரு தடவையும் பதினாறு பங்கில் ஆறு பங்கு கறி கணக்கில் வராமல் போகிறது, பத்து பங்குதான் வருகிறது.

டீயும் அப்படித்தான். நம் டீக்கடை டீயில் அடியில் டின் பால் நிற்கும். டின் பால் 100 கிராமில் 320 கலோரிக்குக் குறையாது. 20 கிராம் ஊற்றினாலே 64, அதற்கு மேல் இன்னொரு பாலும் ஊற்றுவார்கள். 30 என்பது யாரோ வெள்ளைக்காரர் பால் தொட்டுக்கொண்டு குடிக்கிற டீ.

வியாசர்பாடி:
வீசை 1400 கிராம்தானே? எங்கள் தாத்தா கடையில் 40 பலம் ஒரு வீசை. 1633 எங்கிருந்து வந்தது?

தன்லின் தம்பி:
அது மெட்ராஸ் வீசை. ரங்கூன் சந்தையில் அந்தத் தராசு இல்லை அண்ணே.

பகோ அக்கா:
தம்பி சொன்னது முக்கியம். நான் எண்ணெய்க்கு வருகிறேன். ஆப்பில் இருக்கும் அந்த "பர்மா கோழிக்கறி" எவரோ ஒருவர் தன் வீட்டுக் கிண்ணத்தை வைத்து எழுதியது. நம் கறியில் எண்ணெய் பிரிந்து மேலே நிற்க வேண்டும், அப்போதுதான் கறி என்பார்கள். கிண்ணம் கிண்ணமாக நிறுக்க முடியாது. அதற்குப் பதில் நான் செய்தது இது. எண்ணெய் டப்பாவில் வாங்கிய தேதியை எழுதினேன். உதாரணத்துக்கு, 4 பேர் இருக்கும் வீட்டில் ஒரு வீசை எண்ணெய் 10 நாளில் தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1633 கிராம், கிராமுக்கு 9 கலோரி, மொத்தம் 14,700. 10 நாளுக்கும் 4 பேருக்கும் வகுத்தால் ஆளுக்குத் தினம் 367. சட்டியில் தங்குவது, கொட்டுவது என்று கால்வாசி தள்ளினாலும் 275. உங்கள் 240 அதிலேயே போய்விட்டது.

மோல்மீன்காரன்:
எங்கள் வீட்டில் கடலை எண்ணெய்தான், ஆட்டி வாங்குவது. அது உடம்பில் ஒட்டாது. பாமாயில்தான் சதை போடும். செல்வி அக்கா எந்த எண்ணெய் என்று யாருமே கேட்கவில்லையே.

கணக்குப்பிள்ளை:
எந்த எண்ணெயாக இருந்தாலும் கிராமுக்கு 9.

மோல்மீன்காரன்:
அப்படியானால் பாமாயில் ஏன் மலிவு?

கணக்குப்பிள்ளை:
விலைக்கும் கலோரிக்கும் என்ன சம்பந்தம்?

வியாசர்பாடி:
இதயத்துக்கு வேறுபாடு உண்டு, பாமாயிலில் உறையும் கொழுப்பு அதிகம். எடைக்கு வேறுபாடு இல்லை. ஆனால் மோல்மீன் தம்பி சொல்வதிலும் ஒன்று இருக்கிறது, ஆட்டிய எண்ணெய் விலை அதிகம், அதனால் கை தானாக அடங்கும். எங்கள் பகுதியில் இன்றும் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடையில் பூண்டு வறுத்த எண்ணெயைக் கரண்டியால்தான் ஊற்றுகிறார்கள்.

மோல்மீன்காரன்:
அத்தோவுக்கு எண்ணெய் குறைத்தால் அது அத்தோவா? அங்கே போடும் ஆரஞ்சு நூடுல்ஸை இங்கே யாரும் பார்த்ததே இல்லை.

வியாசர்பாடி:
வந்து சாப்பிட்டுவிட்டுப் பேசு.

தன்லின் தம்பி:
அண்ணன்மார்களே, அத்தோவுக்கு வேறு இழை திறங்கள்.

செல்வி அக்கா, இன்னொன்று. அந்தக் கணிப்பு அன்றைய ஒரு நாளைத்தான் 35ஆல் பெருக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை டான்பௌ பிரியாணி சாப்பிட்ட நாளிலும் கணக்கை முடிக்கிறீர்களா? நான் முடிக்க மாட்டேன், பயமாக இருக்கும். அப்போ நல்ல நாளின் கணிப்பை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவோம். காலையில் மொஹிங்கா மீன் நூடுல்ஸுக்கு மேலே நொறுக்கிப் போடும் பருப்பு வடையையும் எழுதுவதில்லைதானே?

பகோ அக்கா:
ஆமாம், ஞாயிறு ஒரு பெரிய ஓட்டை.

இனி செய்ய வேண்டியது. உழைப்பைக் குறைந்த வரிசைக்கு மாற்றுங்கள். நடையை வாட்ச் மட்டும் கணக்கில் எடுக்கட்டும், அது கொடுப்பதில் பாதிக்கு மேல் சாப்பிடாதீர்கள். 1200க்குக் கீழே இறங்க வேண்டாம், கல்யாணத்தில் மயங்கி விழுவதற்கா?

எடையைத் தினமும் காலையில் பார்த்து, வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். ஙப்பி மீன் விழுது, உப்புக்கருவாடு சாப்பிட்ட மறுநாள் நீர் கோத்துக்கொண்டு இரண்டு மூன்று பவுண்டு ஏறும், அது கொழுப்பு இல்லை. மாதவிலக்குக்கு முன்னாலும் அப்படித்தான். அதனால் போன மாதம் அதே சமயத்தில் இருந்த எடையோடு ஒப்பிட்டால்தான் நியாயம். இந்த ஒரு பவுண்டு வித்தியாசத்தையும் அதனால் முழுசாக நம்ப முடியாது.

அதை நம்புவதாக வைத்துக்கொண்டால் இன்னொரு வழி இருக்கிறது. 35 நாளில் ஒரு பவுண்டு என்றால் தினம் 100 கலோரி பற்றாக்குறை. உங்கள் பதிவில் 1400. அப்போ உங்கள் பதிவின் கணக்கில் எடை அப்படியே நிற்கும் இடம் 1500. ஆப் சொன்ன 2118 இல்லை. எண்ணெயும் வீசையும் தப்பாகவே இருக்கட்டும், தினமும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் இந்த 1500 வேலை செய்யும். சில ஆப்கள் இதைத் தாமாகவே செய்து எண்ணைத் திருத்திக்கொள்கின்றன. மாறுவதானால் அப்படி ஒன்றுக்கு மாறுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இந்த முறை சரி. ஆனால் 2 மாதம் பதிவு வேண்டும், ஒரு மாதத்தை வைத்து ஆடக்கூடாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் ஹால் கணக்கை வைத்து ஒரு இணையக் கணிப்பான் போட்டிருக்கிறது, காசு இல்லை. நான் முதலிலேயே சொல்ல வந்தது அதுதான்.

சீரகத்தண்ணீர்:
தைராய்டு பார்த்தீர்களா?

ரங்கூன்செல்வி:
கரண்ட் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். உழைப்பை மாற்றினேன். இப்போது 5 வாரத்தில் 162 என்கிறது. ரவிக்கை பழைய அளவுக்கே கொடுத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

பகோ அக்கா:
உள்தையலில் ஒரு அங்குலம் விட்டு வைக்கச் சொல்லும்மா, பிறகு பிடித்துக்கொள்ளலாம். எண்ணெய் டப்பாவில் தேதி எழுதினாயா?

தன்லின் தம்பி:
போய்விட்டார் போல அக்கா.