குழாய்க் கிணற்றில் தண்ணீர் மெலிந்துபோனால்: பர்மா வீடுகளின் அனுபவப் பகிர்வு

தன்லின் வீட்டுக்காரர்:
சித்திரை வெயில். கரண்ட் வந்ததும் மோட்டாரைப் போட்டால் சத்தம் வழக்கம்போலத்தான், ஆனால் மாடித் தொட்டியில் நூல் மாதிரி விழுகிறது. கிணறு போடுகிற ஆளைக் கூப்பிட்டோம். வந்தவர் மூடியைக்கூடத் திறக்கவில்லை. "ஊற்று செத்துப்போச்சு, புதுசா இறக்கணும்" என்று சொல்லி முன்பணம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் எதிர்வீட்டு பர்மியப் பெரியவர் எழுந்து வந்தார். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். சவர சோப்பைக் குழைத்து, மோட்டாருக்குள் தண்ணீர் ஏறும் குழாயின் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் நுரையைத் தடவினார். எல்போ வளைவில் தடவிய நுரை மட்டும் நடுவில் குழி விழுந்து உள்ளே போய்விட்டது. மயிரிழை விரிசல். உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றைத்தான் இழுக்கும், அதனால் கண்ணில் படாது என்று அவர்தான் சொன்னார். எல்போவை மாற்றினோம், பழையபடி கொட்டியது. அவர் ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மனதை உறுத்துவது இது இல்லை. அடுத்த சந்து அக்கா, புருஷன் இல்லாதவர், அதே ஆளின் பேச்சை நம்பி வளையலை அடகு வைத்துப் புதுக் கிணறு போட்டிருந்தார். அவர் வீட்டு ஜாயின்ட்டில் யாரும் நுரை தடவிப் பார்க்கவில்லையே.

இன்செய்ன் தம்பி:
தன்லின் அண்ணே, உங்கள் வீட்டில் அது சரியாகிவிட்டது, சந்தோஷம். ஆனால் படிக்கிறவர்கள் எல்லாரும் சோப்பு எடுத்துக்கொண்டு கிளம்பினால் பாதிப் பேர் ஏமாந்துபோவார்கள். எங்கள் தெருவில் வருகிற நோய் வேறு.

மேலே உட்கார்ந்து உறிஞ்சுகிற மோட்டார் 25 அடிக்குக் கீழே இருந்து தண்ணீரைத் தூக்குவது கஷ்டம். காற்று அழுத்தத்தின் கணக்குப்படியே உச்சம் 33 அடி, அதுவும் குறை ஒன்றும் இல்லாத குழாயில். அரைக் குதிரைத்திறனை இரண்டு ஆக்கினாலும் அந்த எல்லை நகராது. எங்கள் பக்கத்து வீட்டில் இதைச் சொன்னால் கேட்கவில்லை, பெரிய மோட்டார் வாங்கி வைத்தார்கள். நான் ஒரு நூல்கயிற்றில் போல்ட்டைக் கட்டிக் குழாய்க்குள் இறக்கினேன். 'களுக்' என்று நீரைத் தொட்ட சத்தம் கேட்டது. கயிற்றை இழுத்துத் தரையில் நீட்டி அளந்தால் 29 அடி. அந்த வீட்டு அம்மா ஈரம் ஏறாத கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். புது மோட்டாரைக் கடை திருப்பி வாங்கவில்லை. ஆனி மழை பிடித்த பிறகு நீர்மட்டம் ஏறி அவர்களுடைய பழைய மோட்டாரே இழுத்தது.

அதனால் முதலில் கயிறு, அப்புறம் சோப்பு.

பெகு பாட்டி (பேரன் தட்டச்சு செய்கிறான்):
2025 மார்ச் 28 பூகம்பத்துக்கு முன்னால் எங்கள் கிணற்றில் ஒரு குறையும் இல்லை. 7.7 அளவு, மையம் மண்டலே, சகாயிங் பக்கம் என்றாலும் பூமிக்குள் நகர்ந்த அந்தச் சகாயிங் பிளவு எங்கள் ஊர்ப் பக்கமாகத்தானே தெற்கே இறங்குகிறது. 1930 மே மாதம் பெகுவைக் குலுக்கியதைப் பற்றி என் மாமியார் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த வீடு இது. இந்தத் தடவை ஆட்டம் நின்ற பிறகு குழாயைத் திறந்தேன். பால் டீ நிறத்தில் தண்ணீர் வந்தது. உள்ளங்கையில் ஏந்தினால் மணல் நின்றது. நிறம் தெளிந்துவிட்டது, வரத்து மட்டும் திரும்பவே இல்லை. மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே சுழலும் இறக்கை தேய்ந்து மழுங்கியிருந்தது. கலங்கல் தெளியும்வரை மோட்டாரை ஓட்டாமல் இருங்கள் என்று அன்றைக்கு ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

மோல்மேன் எலக்ட்ரீஷியன்:
எல்லாரும் கிணற்றையும் குழாயையும் பேசுகிறீர்கள், கரண்ட்டை யாரும் தொடவில்லை. நான் போன ஒரு வீட்டில் மோட்டார் முனகியது. மீட்டரை வைத்தேன், 160 வோல்ட். வேறு எதையும் தொடாமல் இரவு எல்லாரும் படுத்த பிறகு போடச் சொன்னேன், தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது. அவ்வளவுதான் என் கதை.

230 வர வேண்டிய இடத்தில் 160 வந்தால் மோட்டார் கிளம்பும் முறுக்கு விசை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், ஏனென்றால் அது வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு குறைகிறது. கரண்ட்டை முறை வைத்து விடுகிற ஊரில், வந்த உடனே தெரு முழுக்க மோட்டார் போடுகிறார்கள். வோல்ட்டேஜும் விழும், அக்கம்பக்கத்துக் கிணறுகள் ஒரே நேரத்தில் இழுப்பதால் நீர்மட்டமும் இறங்கும். இன்செய்ன் தம்பி, நீங்கள் கயிறு விட்டது எந்த நேரத்தில்? மோட்டார்கள் ஓடும்போது அளந்தால் ஒன்று, விடியற்காலையில் அளந்தால் ஒன்று. இரண்டையும் சொன்னால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்.

யாரும் கேட்கவில்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். 20 லிட்டர் வாளியைக் கிணற்று வாயிலேயே, ஃபில்டருக்கு முன்னால் வைத்து, நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு அதே வாளியைச் சமையலறைக் குழாயில் வையுங்கள். கிணற்று வாயில் வேகமும் சமையலறையில் மெதுவும் என்றால் கிணற்றின் மேல் பழி போடாதீர்கள். ஃபில்டர் அடைத்திருக்கும், வால்வு பாதி மூடியிருக்கும், அல்லது பழைய இரும்புக் குழாய் உள்ளே துருப்பிடித்துச் சுருங்கியிருக்கும். இரண்டிலும் மெதுவு என்றால் மோட்டார், புட்வால்வு (குழாயின் அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுப்பது), உறிஞ்சு குழாய், இவற்றில்தான் குறை. முதலில் வேகமாக வந்து போகப்போக இளைத்தால் கிணறு ஊறுவதைவிட மோட்டார் இறைப்பது அதிகம். நிறுத்தி ஊற விடுங்கள்.

பிரஷர் டேங்க் (காற்றழுத்தத்தால் தண்ணீரைக் குழாய்களுக்குத் தள்ளும் தொட்டி) வைத்தவர்கள், அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரைப் போட்டு அணைக்கும் சுவிட்சுக்குப் போகிற விரல் மொத்தக் குட்டிக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். செம்மண் பூமியில் அதற்குள் சிவப்பு வழுவழுப்பு கட்டிக்கொள்ளும், இரும்பைத் தின்னும் பாக்டீரியா. அழுத்தம் சுவிட்சுக்குத் தெரியாமல் போனால் மோட்டார் கண்ட நேரத்தில் நிற்கும், ஓடும். டேங்கின் காற்றழுத்தம், மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. (அழுத்தமானியில் காட்டும் அளவு) குறைவாக இருக்க வேண்டும். தண்ணீரை முழுக்க வடித்த பிறகுதான் அளக்க வேண்டும். இதற்கெல்லாம் மெயினை அணைத்துவிட்டுத்தான் கை வையுங்கள், கரண்ட் இல்லை என்று நினைத்துத் தொடும்போதுதான் திடீரென்று வரும்.

இன்செய்ன் தம்பி:
ஐயா, நான் அளந்தது விடிகாலை. மோட்டார் ஒன்றும் ஓடவில்லை. 29 அடி என்பது கிணறு அசையாமல் நின்ற மட்டம். நீங்கள் சொன்னபடி ஓடும்போதும் அளந்திருக்க வேண்டும், அது இன்னும் கீழேதான் போயிருக்கும். என் வாதம் அதனால் பலப்படுகிறதே தவிரக் குறையவில்லை.

தாலா வாசி:
உங்களுக்கெல்லாம் வரத்து குறைந்ததுதான் கவலை. எங்களுக்கு வரத்தைக் கூட்டியதே வினையாகிவிட்டது. கோடையில் குளம் வற்றி, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கிற ஊர் இது. மெதுவாக வந்தாலும் நல்ல தண்ணீர் தந்த கிணறு ஒன்று இருந்தது. பொறுமை இல்லாமல் அண்ணன் பெரிய மோட்டாரை மாட்டினான். கொட்டோ கொட்டென்று கொட்டியது, வீடே குளித்தது. கொஞ்ச நாளில் ஒரு காலை அம்மா டீயை வாயில் வைத்துவிட்டு முற்றத்தில் துப்பினார். உப்பு. ஆற்றில் கடலேற்றம் வந்துபோகிற கரையில், இருக்கிற நல்ல நீரை வேகமாக இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு நீர் மேலேறிவிடுகிறது.

பழைய சின்ன மோட்டாரையே திரும்ப மாட்டி, இரவில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்தால் உப்பு இறங்குமா? எலக்ட்ரீஷியன் ஐயாவோ ஆற்றோரத்தில் இதைச் செய்து பார்த்த வேறு யாரோ சொல்லுங்கள். மழை வருவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.