பாகாயம் பஸ்ஸில் வந்த ‘பா’: வீட்டில் பிள்ளைகளுக்கு எழுத்து காட்டிய அனுபவங்கள்

விருதம்பட்டு, ஒரு அம்மா:

என் மகளுக்கு இரண்டரை வயதானபோது அ ஆ சார்ட் ஒன்று வாங்கி வந்து ஹாலில் ஒட்டினேன். தினமும் சாயங்காலம் குச்சி வைத்துக் காட்டி ‘அ அம்மா, ஆ ஆடு’ என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் ஃ வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக் காட்டச் சொல்வேன்.

ஒருநாள் என் மாமியார் நடுவில் இருந்த ஏ-வைத் தொட்டு, “இது என்னடி கண்ணு?” என்று கேட்டார். குழந்தை மறுபடியும் ‘அ அம்மா’விலிருந்து ஆரம்பித்தாள். பாட்டி விரல் ஏ-விலேயே இருக்கிறது, இவள் ‘ஈ ஈட்டி’க்குப் போய்விட்டாள். பாட்டு மனப்பாடம் ஆகியிருந்தது, எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரு மாதம் குழந்தையை நிற்கவைத்துச் சொல்லவைத்தோமே என்று எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. குச்சியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

எங்கள் ஸ்டாப்பில் ஒன்றாம் நம்பரும் இரண்டாம் நம்பரும்தான் அடிக்கடி வரும், காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே ஓடுகிற வேலூர் டவுன் பஸ். வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும்போது பஸ் வந்தது. போர்டைக் காட்டி, “பாகாயம். பாப்பாவோட பா” என்றேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தடுத்த நாளும் அதே மாதிரி. நாலைந்து நாள் கழித்து, நான் வாயைத் திறப்பதற்குள் இடுப்பிலிருந்தே கையை நீட்டி, “அம்மா, எம் பா வருது!” என்று கத்தினாள். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் அப்புறம் நடந்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காட்பாடி போகிற பஸ் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். “அங்கயும் எம் பா இருக்கு” என்றாள். காட்பாடியில் பா மூன்றாவது எழுத்து. நடுவில் ஒளிந்துகொண்டிருந்ததை அவளாகவே கண்டுபிடித்தாள், நான் சொல்லித்தரவில்லை. எழுத்து எங்கே நின்றாலும் அதே சத்தம்தான் என்பது அந்த நிமிஷம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. எழுதும்போதே கண் கலங்குகிறது. இரண்டு போர்டிலும் ‘கா’ கூட இருக்கிறதல்லவா, அடுத்த வாரம் காக்காவை வைத்து அதையும் பிடித்தோம்.

இதைக் கேள்விப்பட்டு எங்கள் தெருவில் நாலைந்து அம்மாக்கள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மொட்டைமாடிக்குக் குழந்தைகளோடு வருகிறார்கள். நான் டீச்சர் இல்லை. பட்டதைச் சொல்கிறேன், அவர்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டுக்கொள்கிறேன். அப்படித் தெரிந்துகொண்டதில் முக்கியமானது புள்ளி வைத்த எழுத்து. நாமெல்லாம் ‘இக், இங், இச்’ என்றுதான் படித்தோம். ம் என்றால் ‘இம்’. ஒரு பையன் ‘படம்’ என்பதை எழுத்துக்கூட்டி, “ப, ட, இம், படயிம்” என்றான். எத்தனை தடவை சொன்னாலும் படயிம்தான். அவன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன்மேல் தப்பே இல்லை, நாம் கொடுத்ததைத்தானே சேர்த்துச் சொல்கிறான்? “உதட்டை மூடிக்கோ, ம்ம்ம்” என்று சொல்லவைத்தோம், பசு கத்துகிற மாதிரி. இரண்டாவது தடவையே ‘படம்’ வந்துவிட்டது. ப, ட, ம மூன்றும் கோடு கோடான எழுத்து, கண்ணுக்குச் சுலபம். இந்த மூன்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். 247 எழுத்தும் முடிந்தபிறகுதான் வார்த்தை என்று காத்திருக்கவே வேண்டாம். ஆனால் கெ, கொ போன்ற கொம்பு எழுத்துகளுக்கு அவசரப்படாதீர்கள். கொம்பு முன்னால் நிற்கும், அதன் சத்தம் பின்னால்தான் வரும். மூன்று வயதுக்கு அது குழப்பம்.

இன்னொன்று, பென்சில். பக்கத்தில் ஒரு ப்ளே ஸ்கூலில் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதிவரச் சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பிஞ்சு விரலுக்கு அந்தப் பிடிமானம் இன்னும் வந்திருக்காது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் கோடு போடட்டுமே. விஜயதசமிக்கு நாம் செய்வதுதானே, அதை ஏன் ஒரே நாளோடு நிறுத்த வேண்டும்?

உங்கள் வீடுகளில் எப்படி நடந்தது என்று சொல்லுங்கள். சனிக்கிழமை வருகிறவர்களுக்கும் படித்துக் காட்டுகிறேன்.

குடியாத்தம் பக்கம், ஒரு அம்மா:

அக்கா, நான் அஞ்சாவதோடு நின்றவள். வீட்டில் பீடி சுற்றுகிறேன். எனக்கே வேகமாகப் படிக்க வராது, நான் என்ன சொல்லித்தரப்போகிறேன் என்று ரொம்ப நாள் பயந்துகொண்டிருந்தேன். பால்வாடி டீச்சர்தான், “படிக்க வேணாம்மா, பேசிக்கிட்டே இரு” என்றார். அதனால் கை ஓடும்போது வாயும் ஓடும். தூள் மூக்கில் ஏறும் என்று பையனை வாசற்படிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிடுவேன். ‘க-ல ஆரம்பிக்கிற பேரு சொல்லு’ என்பேன். கல், கத்திரிக்கா, கண்ணு என்று அவன் சொல்லிக்கொண்டே வருவான். சாயங்காலத்துக்குள் என் கட்டும் முடியும், அவன் வார்த்தையும் முடியும்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவனை அடித்துவிட்டேன், இன்னமும் மனசு கேட்கவில்லை. சார்ட்டில் இ-க்கு இலைப் படம் இருந்தது. அதைக் காட்டி என்ன எழுத்து என்றேன், ‘எ’ என்றான். ‘இ’டா என்றேன். மறுபடியும் ‘எ’. முதுகில் ஒன்று வைத்தேன். அழுதுகொண்டே வந்து என் முறத்திலிருந்து ஒரு பீடி இலையை எடுத்து நீட்டி, “எலம்மா, எல!” என்றான். அப்போதுதான் உறைத்தது. நாள் முழுக்க நான் அவன் காதுபட ‘எல’ என்றுதானே சொல்கிறேன்? ‘எல பத்தல, எல நனைஞ்சிருக்கு’ என்று. அவன் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன். உரலும் அப்படித்தான், நாம் ஒரல் என்கிறோம், உடம்பை ஒடம்பு என்கிறோம் என்றார். பேசும்போதும் எழுதும்போதும் ஒரே மாதிரி வருகிற வார்த்தையாக எடுக்கச் சொன்னார். இட்லி, இஞ்சி, உப்பு, ஊசி. இப்போது அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெரியவனானதும் இலை என்று எழுதுவான், அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

வாலாஜா, ஒரு தாத்தா:

குடியாத்தத்துத் தாயே, அடித்ததை நினைத்து வருந்தாதேம்மா. அவன் ‘எல’ என்று கொண்டுவந்து காட்டினானே, அதுவே பெரிய அறிவு.

என் பேத்திக்கு நான்தான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். நான் பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் 1978க்கு முன்னால். அந்த வருஷம்தான் பெரியார் பல காலமாகச் சொல்லிவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு ணை, னை, லை, ளை நாலுக்கும் முன்னால் வளைந்த தும்பிக்கை ஒன்று போடுவோம். கை பழகிப்போனதால் யானை என்பதை அப்படியே எழுதிவிட்டேன். பேத்தி உற்றுப் பார்த்துவிட்டு, “தாத்தா, ஆனைக்குத் தும்பிக்கை வச்சிட்டியா?” என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் மருமகள், புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கும், குழந்தை குழம்பிவிடும் மாமா என்றாள். அவள் சொன்னது நியாயம். இப்போது சிலேட்டில் புது எழுத்துதான், தும்பிக்கை படத்தில் மட்டும். வீட்டில் பெரியவர்கள் எழுதிக் காட்டினால் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேர்ணாம்பட்டு, ஒரு அப்பா:

எங்கள் வீட்டில் உருது பேசுவோம். நான் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன், வீடு வந்து சேர இரவு எட்டாகிவிடும். சாப்பிட்டதும் மகனை மடியில் வைத்துப் பத்து நிமிஷம் தமிழ்ப் புத்தகம் படிப்பேன். பகலில் என் அம்மா அவனுக்கு அலிஃப், பே என்று உருது எழுத்து காட்டுகிறார்கள், அது வலமிருந்து இடமாகப் போகும். அதனால் தமிழ்ப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறப்பான், விரலை வரியின் வலது ஓரத்தில் வைப்பான். பையனுக்கு ஏதோ குறை என்றே நினைத்துவிட்டேன். குறையெல்லாம் இல்லை, அவன் கற்றது அந்தத் திசை. என் மனைவிக்கு ஒரு யோசனை தோன்றியது. தமிழ்ப் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது ஓரம் சிவப்புப் புள்ளி, உருதுப் புத்தகத்தில் வலது ஓரம் பச்சைப் புள்ளி. “லால் எங்கே?”, அதாவது சிவப்பு எங்கே என்று கேட்டால் விரல் சரியான இடத்துக்குப் போய்விடும். ஒரு மாதத்தில் புள்ளியே தேவைப்படவில்லை.

வீட்டில் உருதை நிறுத்திவிட்டுத் தமிழிலேயே பேசுங்கள், அப்போதுதான் படிப்பு வரும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். எனக்கு மனசு ஒப்பவில்லை. என் அம்மா கதை சொல்வது உருதில்தான், அதை நிறுத்தினால் அவன் கேட்கிற கதையே பாதியாகிவிடும். நான் தமிழில் ஒரு பக்கம் படிப்பேன், அப்புறம் அதையே உருதில் பேசுவோம். நரி ஏன் ஓடுச்சு, அடுத்து என்ன செய்யும் என்று கேட்பேன். பக்கத்துக்குப் பக்கம் அவன்தான் கதையை இழுத்துக்கொண்டு போகிறான். சில நாள் நான் தூங்கி விழுவேன். அப்போது புத்தகத்தை என் கையிலிருந்து எடுத்து, படத்தைப் பார்த்து அவனே எனக்குப் படித்துக் காட்டுவான், விரலைச் சிவப்புப் புள்ளி இருந்த இடத்திலிருந்து நகர்த்திக்கொண்டே. அதில் ஒரு எழுத்தும் அவன் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தூக்கம் போய்விடும், கடைசிவரை கேட்பேன்.

விருதம்பட்டு அம்மா மறுபடியும்:

எல்லாருக்கும் நன்றி. குடியாத்தம் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் சார்ட்டைப் பார்த்தேன். இ-க்கு இலை, உ-க்கு உரல், இரண்டுமே இருக்கிறது. இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. இலைக்கு மேல் வெள்ளைத் தாளில் ஒரு இட்லி வரைந்து ஒட்டிவிட்டேன், உரலுக்கு மேல் உப்பு ஜாடி. பேர்ணாம்பட்டு அண்ணன் சொன்ன சிவப்புப் புள்ளியைச் சனிக்கிழமை எல்லாருக்கும் சொல்கிறேன், எங்கள் மாடிக்கு வருகிறவர்களிலும் வீட்டில் உருதும் தெலுங்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பாப்பா தூங்கி எழுந்து வந்து சார்ட் முன்னால் நின்றாள். இ-யைத் தொட்டாள், இட்லியைத் தொட்டாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, “சட்னி எங்கம்மா?” என்றாள்.