1:22.5 சிக்னல் கேபின்: உள்வேலை எதுவரை? மழை வெயிலுக்கு என்ன செய்யலாம்?

நாற்பத்தைந்து_தடம்:

வணக்கம் நண்பர்களே. தண்டவாள இடைவெளி 45 மி.மீ. உள்ள தோட்ட ரயில்பாதைக்கு 1:22.5 அளவில் பழைய பிரிட்டிஷ் பாணி சிக்னல் கேபின் (லீவர்களை இழுத்து சிக்னல்களையும் பாயிண்டுகளையும் இயக்கும் அறை) கட்டிக்கொண்டிருக்கிறேன். 5 மி.மீ. பிவிசி ஃபோம் ஷீட்டில் சுவர்கள் எழும்பிவிட்டன. நீளம் 220, அகலம் 155 மி.மீ., மேல்தளம் தரையிலிருந்து 107 மி.மீ. உயரத்தில். கீழே செங்கல் வேலை, மேலே மூன்று பக்கமும் ஜன்னல், கழற்றக்கூடிய கூரை. லீவர் 12. வருடம் முழுக்க வெளியிலேயே இருக்கும். பார்ப்பவர்கள் பெரும்பாலும் தண்டவாளப் பக்கமிருந்து, ஒரு மீட்டர் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள்.

உள்ளே எவ்வளவு செய்தால் போதும்? லீவர்களுக்கு எந்த நிறம், என்ன கணக்கு? ஜன்னலுக்கு அக்ரிலிக் போடலாமா? கேபினிலிருந்து பாயிண்டுக்கு (தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடம்) போகும் கம்பிகளையும் காட்ட வேண்டுமா, விட்டுவிடலாமா?

லீவர்_மேடை:

முதலில் எது கண்ணில் படும் என்று பாருங்கள். லீவர் ஃபிரேம் தண்டவாளப் பக்க ஜன்னலை ஒட்டி இருக்கும். அதற்கு மேலே, கூரையிலிருந்து இரும்புக் கம்பியில் தொங்கும் பலகையில் பிளாக் கருவிகளும் (பாதை காலியா என்று பக்கத்துக் கேபினோடு தெரிவித்துக்கொள்ளும் கருவிகள்) மணியும் இருக்கும். அவற்றின் முகம் உள்ளே நிற்கும் சிக்னல்மேன் பக்கம். அதாவது உங்கள் பார்வையாளருக்குத் தெரியப்போவது அவற்றின் முதுகு மட்டும்தான். டயல், முள் என்று வரைவதில் நேரம் செலவழிக்காதீர்கள். மரப்பெட்டி வடிவம் சரியாக இருந்தால் போதும். பின்சுவர்தான் முழுசாகத் தெரியும். கடிகாரம், ரயில் பதிவேடு வைக்கும் சாய்வு மேசை, கரியடுப்பு, அறிவிப்புப் பலகை எல்லாம் அங்கே வரட்டும். உழைப்பை அங்கே போடுங்கள்.

கருவிப் பலகையைக் கூரையில் ஒட்டாதீர்கள். கூரையைத் தூக்கும்போது அது லீவர் கைப்பிடிகளில் சிக்கும். இரண்டு பக்கச் சுவரிலும் சிறு தாங்கி வைத்து அதில் உட்கார வையுங்கள். தொங்கும் கம்பிகளைப் பலகையோடு சேர்த்துவிட்டு, மேல்முனை கூரையைத் தொடாமல் 1 மி.மீ. குறைத்து வெட்டுங்கள்.

லீவர் கணக்கு: அசலில் 4 அங்குலம் முதல் 5¼ அங்குலம் வரை இடைவெளி உண்டு. உங்கள் அளவில் அது 4.5 முதல் 5.9 மி.மீ. 5 மி.மீ. என்று வைத்தால் 12 லீவருக்கு 55 மி.மீ. நீளம் வரும். தளத்துக்கு மேல் உயரம் சுமார் 50 மி.மீ. உடல் பித்தளைப் பட்டை, கைப்பிடி 1 மி.மீ. நிக்கல் சில்வர் கம்பி. அசலில் கைப்பிடி மெருகேற்றிய எஃகு, அதற்குப் பெயிண்ட் கிடையாது. மாடலில் எஃகு வைத்தால் ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். நிறம் கைப்பிடி தொடங்கும் இடத்தில் நேர்கோடாக நிற்க வேண்டும். அந்தக் கோடு கோணலாக இருந்தால் ஒரு மீட்டர் தூரத்திலிருந்தே தெரியும்.

ஸ்டாப் சிக்னலுக்குச் (ரயிலை நிறுத்துவது) சிவப்பு, டிஸ்டன்ட்டுக்கு (முன்னால் உள்ள ஸ்டாப் சிக்னலை முன்கூட்டியே எச்சரிப்பது) மஞ்சள், பாயிண்டுக்குக் கறுப்பு, ஃபேசிங் பாயிண்ட் லாக்குக்கு (ரயில் எதிர்கொண்டு வரும் பாயிண்டை நகராமல் பூட்டுவது) நீலம், உபயோகத்தில் இல்லாததற்கு வெள்ளை. மின்சாரத்தில் இயங்கும் சிக்னலுக்கான லீவரின் கைப்பிடியைக் குட்டையாக வெட்டியிருப்பார்கள், சிக்னல்மேன் தெரியாமல் முழு பலத்தோடு இழுத்துவிடக் கூடாதே என்று. ஒன்றை அப்படி வைத்தால் விஷயம் தெரிந்தவர்கள் கவனிப்பார்கள்.

எந்த லீவர் இழுத்திருக்கிறது என்பதும் முக்கியம். இன்டர்லாக்கிங் (ஒன்றுக்கொன்று முரணான லீவர்களை இழுக்கவிடாத பூட்டு அமைப்பு) இருப்பதால் இஷ்டத்துக்கு இழுத்து வைக்க முடியாது. மஞ்சள் இழுத்திருந்தால், அந்தத் திசையில் அந்தக் கேபினின் சிவப்பு அத்தனையும் இழுத்திருக்க வேண்டும். வெளியே நிற்கும் சிக்னலின் கையும் அதோடு ஒத்துப்போக வேண்டும். குழப்பமாக இருந்தால் எல்லாச் சிக்னல் லீவரையும் இழுக்காமல் விடுங்கள், அது ஒருபோதும் தப்பாகாது.

ஆள் பொம்மை 78 மி.மீ. உயரம் இருக்கலாம். கையில் ஒரு துணி கொடுங்கள். வியர்வை பட்டு எஃகு துருப்பிடிக்காமலிருக்க, துணியோடுதான் லீவரைப் பிடிப்பார்கள்.

மழைக்கூரை:

ஜன்னலுக்கு அக்ரிலிக்கும் தாங்கும், ஆனால் தூசி துடைத்துத் துடைத்துக் கீறல் விழும். நான் சொல்வது மைக்ராஸ்கோப் ஸ்லைடு: 75 × 25 மி.மீ., தடிமன் சுமார் 1 மி.மீ. நிமிர்த்தி வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல் கதவின் அகலத்துக்குச் சரியாக வரும், இணைப்பைச் சட்டம் மறைத்துவிடும். கண்ணாடியை நாலு பக்கமும் இறுக்கி ஒட்டாதீர்கள். அதிகாலைக் குளிருக்கும் உச்சி வெயிலுக்கும் 40 டிகிரி வித்தியாசம் வந்தால் 220 மி.மீ. பிவிசி சுவர் அரை மி.மீ. அளவுக்கு நீளும், கண்ணாடி ஏறக்குறைய நீளாது. பள்ளத்தில் தளர்வாக நிற்கவைத்து மேலே ஒரே ஒரு பொட்டு சிலிக்கான் போதும்.

அந்த சிலிக்கான் நியூட்ரல் க்யூர் வகையாக இருக்கட்டும். வினிகர் வாசனை அடிக்கும் வகை காயும்போது அமிலம் விடும், பக்கத்தில் இருக்கும் பித்தளை லீவர் பச்சை பூக்கும். சூப்பர் க்ளூவை உள்வேலைக்குப் பயன்படுத்தினால் கண்ணாடியை மாட்டும் முன்பே முடித்து, ஒரு நாள் திறந்து வையுங்கள். மூடிய அறையில் அதன் ஆவி வெள்ளைப் படலமாகப் படியும்.

கூரையைப் பிவிசியில் செய்து கறுப்பு ஸ்லேட் நிறம் அடித்தால் வெயிலில் இளகி நடுவில் தொய்ந்துவிடும். 1.5 மி.மீ. அலுமினியத் தகடோ மரைன் பிளைவுட்டோ போடுங்கள். அடுப்பின் புகைக்குழாயைக் கூரையில் துளைத்து உள்ளே விடாதீர்கள், எவ்வளவு அடைத்தாலும் ஒரு நாள் ஒழுகும். மேலே ஒரு துண்டு, உள்ளே ஒரு துண்டு, நடுவில் முழுக் கூரை.

தரையில் 6 மி.மீ. துளை நான்கு, இறவாரத்தின் கீழ் காற்றுப் போக இடைவெளி, இரண்டுக்கும் நுண்ணிய பித்தளை வலை. காற்றோட்டம் இல்லாவிட்டால் கண்ணாடி உள்ளே வியர்க்கும். வலை இல்லாவிட்டால் சிலந்தி குடியேறும்.

செங்கல்லுக்கு சாந்தோடு சேர்த்து 10 × 3.3 மி.மீ. கட்டம். எழுதாத பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் போதும், கத்தியால் கீறினால் ஓரம் பிசிறும்.

பாயிண்ட்_ராட்:

கம்பிகளைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கேபின் அடியிலிருந்து எதுவும் வெளியே வராவிட்டால் அது ஜன்னல் நிறைய வைத்த ஒரு சாதாரண அறை, அவ்வளவுதான். உள்ளே எத்தனை அழகு செய்தாலும் இந்தக் குறை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கணக்கு எளிது. கறுப்பு, நீல லீவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு ராட் (தள்ளவும் இழுக்கவும் உதவும் விறைப்பான தண்டு). கம்பியால் இயங்கும் சிவப்பு, மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிக்னல் கம்பி. வெள்ளைக்கு எதுவும் இல்லை. சிவப்பு 4, மஞ்சள் 2, கறுப்பு 3, நீலம் 2, வெள்ளை 1 என்று வைத்தால் வெளியே 5 ராடும் 6 கம்பியும் வர வேண்டும். லீவர்_மேடை சொன்ன குட்டைக் கைப்பிடி ஒன்று வைத்தால் கம்பி 5 ஆகிவிடும். ராடுகள் பாயிண்டை அடைய அடைய ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும்.

ராட் அசலில் 1¼ அங்குல உருளை, மாடலில் 1.5 மி.மீ. பித்தளைக் கம்பி. பக்கத்துப் பக்கத்தில் சுமார் 3 மி.மீ. இடைவெளி. 1.5 மீட்டர் பித்தளை 40 டிகிரிக்கு ஒரு மி.மீ.க்குச் சற்று அதிகமாக நீளும். அதனால் கேபின் முனையில் மட்டும் பற்றவையுங்கள், மற்ற தாங்கிகளில் வழுக்கி நகரட்டும். எல்லாத் தாங்கியிலும் பற்றவைத்தால் நடுவில் வில் போல வளையும். சிக்னல் கம்பிக்கு மீன்பிடி நைலான் வேண்டாம், வெயிலில் நொறுங்கும், 0.3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி போடுங்கள்.

நாற்பத்தைந்து_தடம்:

மிக்க நன்றி. பின்சுவர் யோசனை பெரிய உதவி, டயல் வரைவதை நிறுத்திவிட்டேன். விளக்கு பற்றி ஒரு கேள்வி: 12 வோல்ட் டிசி இருக்கிறது. வெள்ளை எல்ஈடிக்கு என்ன ரெசிஸ்டர்?

லீவர்_மேடை:

வார்ம் ஒயிட், 2700 கெல்வின் பக்கம் எடுங்கள். எல்ஈடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 9 வோல்ட். 1.8 கிலோ ஓம் போட்டால் 5 மில்லியாம்பியர், 4.7 கிலோ ஓம் போட்டால் 2-க்குச் சற்றுக் குறைவு. 4.7 கிலோவே போதும் சார். இரவில் சிக்னல்மேன் வெளியே பார்க்க வேண்டும், அறை பளிச்சென்று இருந்தால் கண்ணாடியில் தன் முகம்தான் தெரியும். பதிவேட்டு மேசைக்கு மேல் மூடி போட்ட ஒரு விளக்கு வையுங்கள். இணைப்புகளைப் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயில் மூடி, மேல்தளத்தின் அடியில் கட்டுங்கள். தரையில் கிடந்தால் ஈரம் ஏறிச் செம்பு அரித்துவிடும். பிற்பாடு ஏசி சப்ளைக்கு மாற்றினால் முன்னால் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்குவது) கட்டாயம். எல்ஈடி பின்னோக்கிய வோல்டேஜை 5-க்கு மேல் தாங்காது.